ஸ்மார்ட் டிவியில் இணையம் நின்றுபோனால்: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

படம் பாதியில் நின்று, இணைய இணைப்பைச் சரிபார்க்குமாறு டிவி கேட்டதும், பலரும் ரவுட்டரை அணைத்துப் போடுகிறார்கள். அல்லது டிவியின் அமைப்புகளுக்குள் நுழைந்து கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றிப் பார்க்கிறார்கள். ரவுட்டரை அணைத்துப் போடுவது பல நேரங்களில் பலன் தந்தாலும், கோளாறு எங்கே இருந்தது என்பதை அது காட்டிக்கொடுப்பதில்லை. ஆகவே அதே கோளாறு சில நாட்களில் திரும்பி வருகிறது. அமைப்புகளைக் கண்டபடி மாற்றுவதோ இருந்த ஒரு கோளாறோடு புதிதாக இரண்டைச் சேர்த்துவிடுகிறது.

டிவிக்கும் வெளி உலகுக்கும் நடுவே நான்கு கட்டங்கள் இருக்கின்றன. டிவியிலிருந்து ரவுட்டர் வரையிலான வைஃபை முதலாவது. அந்த வைஃபை வழியாக ரவுட்டர் டிவிக்கு வழங்கும் ஐபி முகவரியும் (நெட்வொர்க்கில் டிவியை அடையாளம் காட்டும் எண்) அதைச் சார்ந்த விவரங்களும் இரண்டாவது. ரவுட்டரிலிருந்து இணையச் சேவை நிறுவனம் வழியாக வெளியே செல்லும் இணைப்பு மூன்றாவது. டிவியில் உள்ள செயலியும் அது தொடர்புகொள்ளும் சர்வரும் நான்காவது. எந்தக் கட்டத்தில் அறுந்திருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே எதையும் மாற்ற வேண்டும் என்பதுதான் இந்த வழிமுறையின் அடிப்படை.

எதையும் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய இரண்டு சோதனைகள்

ஒரு கைபேசியை எடுத்துக்கொண்டு டிவிக்கு அருகிலேயே நின்று, டிவி பயன்படுத்தும் அதே வைஃபையில் இணைத்து, ஒரு காணொளியை ஓடவிடுங்கள். அதற்கு முன் கைபேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். வைஃபையில் இணையம் இல்லாதபோது கைபேசி சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும் என்பதால், அணைக்காமல் செய்யும் சோதனை தவறான முடிவையே தரும். கைபேசியிலும் காணொளி ஓடவில்லை என்றால் டிவியை விட்டுவிட்டு ரவுட்டரையும் வெளி இணைப்பையும் கவனியுங்கள். ஃபைபர் இணைப்பாக இருந்து, சுவரில் உள்ள பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால், உங்கள் கையில் எதுவும் இல்லை, சேவை நிறுவனத்திடம் புகார் அளிப்பதே வழி.

கைபேசியில் ஓடுகிறது, டிவியில் மட்டும் ஓடவில்லை என்றால் இரண்டாவது சோதனைக்குச் செல்லுங்கள். அணைத்த மொபைல் டேட்டாவை மீண்டும் இயக்கி, கைபேசியில் ஹாட்ஸ்பாட்டையும் இயக்கி, டிவியை அதில் இணைத்துப் பாருங்கள். ஐஃபோன் 12 அல்லது அதற்குப் பிந்தைய ஐஃபோனாக இருந்தால், ஹாட்ஸ்பாட் பக்கத்தில் உள்ள அதிகபட்ச இணக்கத்தன்மை என்ற பொத்தானை இயக்கினால்தான் அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒளிபரப்பும்; பழைய டிவிகளுக்கு அது தேவை. ஹாட்ஸ்பாட்டில் டிவி ஒழுங்காக இயங்கினால் டிவியின் வன்பொருளும் மென்பொருளும் நலமாக உள்ளன, டிவிக்கும் ரவுட்டருக்கும் இடையில்தான் ஏதோ ஒவ்வவில்லை என்று பொருள். ஹாட்ஸ்பாட்டிலும் இயங்காவிட்டால் கோளாறு டிவியில் இருக்கிறது. இந்த ஒரு சோதனை தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. ஆகவே இதைத் தவிர்க்காமல் செய்யும்படி வற்புறுத்திச் சொல்கிறேன்.

டிவியை முழுமையாக அணைப்பது எப்படி என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ரிமோட்டில் அணைக்கும்போது டிவி உறக்கநிலைக்குச் செல்கிறதே தவிர அணைவதில்லை. பழுதடைந்த நெட்வொர்க் நிலையும் நினைவகத்தில் அப்படியே தங்கிவிடுகிறது. மின் இணைப்பைச் சுவரிலிருந்து பிடுங்கி, ஒரு நிமிடம் காத்திருந்து, மீண்டும் செருகுவதே உண்மையான மறுதொடக்கம். சாம்சங் டிவிகளில் ரிமோட்டின் பவர் பொத்தானை, திரை அணைந்து மீண்டும் ஒளிரும் வரை அழுத்திப் பிடித்தாலும் இதே பலன் கிடைக்கும். ரவுட்டரையும் சேர்த்து மறுதொடக்கம் செய்வதாக இருந்தால் முதலில் மோடம், அதன் விளக்குகள் நிலைத்த பிறகு ரவுட்டர், கடைசியாக டிவி என்ற வரிசையில் இயக்குங்கள்.

அறிகுறி: எந்த வைஃபை பெயரும் பட்டியலில் வரவில்லை

பக்கத்து வீட்டு வைஃபை உட்பட ஒரு பெயர்கூடத் தெரியவில்லை என்றால், டிவியின் வைஃபை பகுதியே இயங்கவில்லை என்று கொள்ளலாம். மேலே சொன்னபடி மின் இணைப்பைப் பிடுங்கிப் பாருங்கள். பலனில்லை என்றால், டிவியைப் பற்றிய விவரங்கள் இருக்கும் பக்கத்தில் வைஃபையின் மேக் முகவரி (தயாரிக்கும்போதே கருவிக்குக் கொடுக்கப்படும் அடையாள எண்) என்னவென்று பாருங்கள். அந்த இடம் வெறுமையாகவோ வெறும் பூஜ்ஜியங்களாகவோ இருந்தால், உள்ளே உள்ள வைஃபை பலகை பழுதடைந்துள்ளது அல்லது அதன் இணைப்பு தளர்ந்துள்ளது. இது பழுதுபார்ப்பவர் திறந்து பார்க்க வேண்டிய வேலை; அதுவரை லேன் கேபிளைச் செருகி டிவியைப் பயன்படுத்தலாம்.

அறிகுறி: மற்ற பெயர்கள் தெரிகின்றன, நம்முடையது மட்டும் தெரியவில்லை

இங்கே டிவியின் வைஃபை நன்றாகவே வேலை செய்கிறது. ரவுட்டர் பேசும் அலைவரிசையை டிவியால் கேட்க முடியவில்லை, அவ்வளவுதான். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒளிபரப்பி, டிவி 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே அறிந்ததாக இருப்பது முதல் காரணம். விலை குறைந்த டிவிகளிலும் பழைய டிவிகளிலும் இது வழக்கம்.

இரண்டாவது காரணம் அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. வைஃபை அலைவரிசை ஒவ்வொன்றும் சேனல்கள் என்ற எண்ணிட்ட பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 12, 13 ஆகிய சேனல்கள் எல்லா நாடுகளிலும் அனுமதிக்கப்படவில்லை. 11 வரை மட்டும் அனுமதிக்கும் நாட்டுக்காகத் தயாரிக்கப்பட்ட டிவி, 13-ஆம் சேனலில் இயங்கும் ரவுட்டரைக் காணவே காணாது. 5 கிகாஹெர்ட்ஸிலும் இத்தகைய சிக்கல் உண்டு. 52 முதல் 144 வரையிலான சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துவதால், ரேடார் அலை தென்பட்டால் ரவுட்டர் அந்தச் சேனலை விட்டு உடனே விலகியாக வேண்டும். இந்தச் சேனல்களை ஆதரிக்காத டிவிகளும் உள்ளன. நேற்று வரை தெரிந்த பெயர் இன்று காணாமல் போயிருந்தால், ரவுட்டர் தானாகவே இப்படிப்பட்ட ஒரு சேனலுக்குத் தாவியிருக்கக்கூடும். ரவுட்டரின் அமைப்பில் தானியங்கிச் சேனல் தேர்வை நிறுத்திவிட்டு, 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றையும், 5 கிகாஹெர்ட்ஸுக்கு 36 முதல் 48 வரையிலான ஒன்றையும் நிலையாக வைத்தால் டிவி மீண்டும் பெயரைக் காட்டும்.

அறிகுறி: கடவுச்சொல் சரியாக இருந்தும் இணைய மறுக்கிறது

ரிமோட்டால் எழுத்தெழுத்தாகத் தட்டும்போது பெரிய எழுத்து சிறிய எழுத்தாகிவிடுவதும், கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொள்வதும் சாதாரணமாக நடப்பவை. கடவுச்சொல்லைக் காட்டு என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, தட்டியதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். டிவி நினைவில் வைத்திருக்கும் பழைய இணைப்பை மறக்கச் செய்துவிட்டுப் புதிதாக இணைப்பதும் அவசியம். ரவுட்டரை மாற்றிவிட்டுப் பழைய பெயரையே வைத்திருப்பவர்களுக்கு இது குறிப்பாகப் பொருந்தும்.

இத்தனைக்குப் பிறகும் மறுத்தால், பாதுகாப்பு முறையைப் பாருங்கள். புதிய ரவுட்டர்கள் டபிள்யூபிஏ3 என்ற முறையில் மட்டும் இயங்குமாறு அமைக்கப்பட்டிருந்தால், அதை அறியாத டிவி கடவுச்சொல் தவறு என்றே சொல்லும். உண்மையில் தவறு கடவுச்சொல்லில் இல்லை. ரவுட்டரில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறையையோ, அதுவும் ஒத்துவராவிட்டால் டபிள்யூபிஏ2 முறையை மட்டுமோ தேர்ந்தெடுங்கள். பாதுகாப்பையே நீக்கிவிட்டுக் கடவுச்சொல் இல்லாமல் விடுவது எந்த நிலையிலும் தீர்வாகாது.

அறிகுறி: வைஃபை இணைந்துள்ளது, ஆனால் இணையம் இல்லை

அதிகம் குழப்புவது இந்த அறிகுறிதான். விடையும் டிவியின் நெட்வொர்க் நிலைப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. ஐபி முகவரி, கேட்வே (ரவுட்டரின் முகவரி), டிஎன்எஸ் என்ற மூன்று வரிகளையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியின் வைஃபை விவரங்களில் உள்ள அதே மூன்று வரிகளையும் பக்கத்தில் எழுதுங்கள்.

டிவியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் முகவரி எதையும் தரவில்லை, டிவி தனக்குத்தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டுள்ளது என்று பொருள். ரவுட்டரில் முகவரி வழங்கும் டிஹெச்சிபி வசதி அணைந்திருக்கலாம்; வழங்குவதற்கென ஒதுக்கப்பட்ட முகவரிகள் தீர்ந்துபோயிருக்கலாம். பல்புகள், கேமராக்கள், கைபேசிகள் எனக் கருவிகள் பெருகிய வீட்டில், ரவுட்டரின் வரம்பு 20 அல்லது 30 முகவரிகளாகச் சுருக்கி வைக்கப்பட்டிருந்தால், கடைசியாக வரும் டிவிக்கு இடமிருக்காது. ரவுட்டரை மறுதொடக்கம் செய்தால் அப்போதைக்குச் சரியாகும். வரம்பை விரித்தால்தான் நிரந்தரமாகச் சரியாகும்.

கைபேசியில் கேட்வே 192.168.0.1 என்றும் டிவியில் 192.168.1.1 என்றும் இருந்தால், டிவியில் யாரோ எப்போதோ முகவரியைக் கையால் நிரப்பி வைத்திருக்கிறார்கள். ரவுட்டர் மாறியபின் அந்த எண்கள் செல்லாதவையாகிவிட்டன. ஐபி அமைப்பைத் தானியங்கிக்கு மாற்றினால் அடுத்த நிமிடமே இணையம் வந்துவிடும்.

முகவரியும் கேட்வேயும் சரியாக இருந்து, டிஎன்எஸ் வரி மட்டும் வெறுமையாகவோ 0.0.0.0 என்றோ இருந்தால், தளங்களின் பெயர்களை எண்களாக மாற்றித் தரும் சேவை டிவிக்குக் கிடைக்கவில்லை. ஐபியைத் தானியங்கியாகவே விட்டுவிட்டு, டிஎன்எஸ்ஸை மட்டும் கையால் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று இடுங்கள். முதலாவது கூகுளுடையது, இரண்டாவது கிளவுட்ஃபிளேருடையது. எல்லாக் கோளாறுக்கும் டிஎன்எஸ் மாற்றமே மருந்து என்பதுபோல் பலர் அறிவுரை சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. தளத்தின் பெயரை எண்ணாக மாற்றுவதில் சிக்கல் இருந்தால் மட்டுமே அது பயன்படும். படம் தேங்கி நிற்பதற்கும் வைஃபை வலுவிழப்பதற்கும் அதனால் ஒரு நன்மையும் இல்லை. குழந்தைகளுக்கான தடைகளை டிஎன்எஸ் வழியாக அமைத்திருக்கும் வீட்டில், இந்த மாற்றம் அந்தத் தடைகளையும் நீக்கிவிடும் என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

விளம்பரங்களைத் தடுக்கும் கருவியை வீட்டு நெட்வொர்க்கில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இணையம் இருக்கிறதா என்பதை டிவி ஊகிப்பதில்லை; குறிப்பிட்ட ஒரு முகவரியைத் தொட்டுப் பார்க்கிறது. ஆண்ட்ராய்டு டிவிகள் கூகுளின் ஒரு பக்கத்தைக் கேட்டு, 204 என்ற எண்ணுடன் வெற்றுப் பதில் வருகிறதா என்று பார்க்கின்றன. அந்த முகவரி தடைப்பட்டியலில் விழுந்திருந்தால், இணையம் தாராளமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இணையம் இல்லை என்று டிவி சொல்லும். தடுக்கும் கருவியைச் சிறிது நேரம் நிறுத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

எல்லா எண்களும் சரியாக இருந்தால், டிவியின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அந்தச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. நீண்ட மின்வெட்டுக்குப் பின் டிவியின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால், இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் தொடங்காதவையாக அதற்குத் தோன்றும். ஒவ்வொரு செயலியும் இணைப்புப் பிழை என்று கைவிரிக்கும். தேதியைக் கையால் சரியாக இட்டு, இணையம் வந்ததும் தானியங்கிக்கு மாற்றிவிடுங்கள்.

விடுதிகளிலும் கல்லூரி வளாகங்களிலும் வைஃபையில் இணைந்த பிறகு ஒரு பக்கத்தில் பெயரும் எண்ணும் நிரப்ப வேண்டியிருக்கும். அந்தப் பக்கத்தைத் திறக்கத் தெரியாத டிவி, இணைந்தும் இணையாத நிலையில் நிற்கும். டிவியின் மேக் முகவரியை நிர்வாகத்திடம் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்வதே இதற்குத் தீர்வு.

அறிகுறி: ஒரே ஒரு செயலி மட்டும் இயங்கவில்லை

மற்ற செயலிகள் ஓடுகின்றன என்றால் நெட்வொர்க் அமைப்பைத் தொடாதீர்கள். அந்தச் சேவையே அப்போது முடங்கியிருக்கிறதா என்று கைபேசியில் பாருங்கள். இல்லையெனில் செயலியின் கேச்சை, அதாவது தற்காலிகச் சேமிப்பை, நீக்குங்கள். பிறகு தரவையும் நீக்கி மீண்டும் உள்நுழையுங்கள். அதன்பின்னும் முடியாவிட்டால் அகற்றி நிறுவுங்கள். நெட்ஃபிளிக்ஸ் காட்டும் பிழைக் குறியீடுகளில், என்டபிள்யூ என்று தொடங்குபவை நெட்வொர்க்கைக் குறிக்கின்றன. யூஐ-800-3 என்பது கருவியில் சேமிக்கப்பட்ட தரவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதைக் குறிக்கிறது.

பழைய டிவியாக இருந்தால், அந்தச் செயலிக்கான ஆதரவே முடிந்திருக்கலாம். 2012-க்கு முந்தைய பல டிவிகளில் யூடியூப் 2015 ஏப்ரலில் நின்றுபோனது. சில பழைய சாம்சங் டிவிகளுக்கும் ரோகு என்ற ஸ்ட்ரீமிங் கருவிகளுக்கும் நெட்ஃபிளிக்ஸ் 2019 டிசம்பரில் ஆதரவை நிறுத்தியது. சான்றிதழ்களும் இதே வேலையைச் செய்யும். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்களைப் பழைய கருவிகள் நம்புவதற்குத் துணைநின்ற ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, மென்பொருள் புதுப்பிப்பு நின்றுபோன கருவிகள் பல தளங்களைத் திறக்க முடியாமல் தவித்தன. இத்தகைய டிவியில் எந்த அமைப்பை மாற்றினாலும் பலன் இராது.

அறிகுறி: படம் ஓடுகிறது, ஆனால் அடிக்கடி தேங்கி நிற்கிறது

முதலில் எவ்வளவு வேகம் தேவை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நெட்ஃபிளிக்ஸ் 1080பி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் வேகத்தைப் பரிந்துரைக்கிறது. யூடியூப் 4கேவுக்கு 20 எம்பிபிஎஸ் கேட்கிறது. திட்டத்தில் எழுதியிருக்கும் வேகத்தை இங்கே கணக்கில் கொள்ளக்கூடாது. டிவி இருக்கும் இடத்தில் கிடைக்கும் வேகமே முக்கியம். டிவியில் உலாவி இருந்தால் ஃபாஸ்ட் டாட் காம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அது நெட்ஃபிளிக்ஸின் சர்வர்களிலிருந்தே அளப்பதால் உண்மை நிலைக்கு நெருங்கிய எண்ணைத் தரும்.

வேகம் குறைவாக இருந்தால், ரவுட்டருக்கும் டிவிக்கும் இடையே ஒரு லேன் கேபிளைத் தரையோடு போட்டுச் சோதியுங்கள். கேபிளில் தேக்கம் நின்றுவிட்டால் குற்றவாளி வைஃபை. நிற்காவிட்டால் வெளி இணைப்பு. பெரும்பாலான டிவிகளின் லேன் துளை 100 எம்பிபிஎஸ் வரைதான் செல்லும் என்பதால், வேகச் சோதனையில் 90-சொச்சத்துக்கு மேல் எண் ஏறாது. அதைக் கண்டு கேபிள் மெதுவானது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 4கே படத்துக்குத் தேவையானதைப் போல் நான்கைந்து மடங்கு அது. அலைவரிசை இடையூறு எதுவும் அதைத் தீண்டாது. கேபிள் இழுக்க வழி இருக்கும் வீட்டில், நிலையாக ஓரிடத்தில் இருக்கும் டிவிக்குக் கேபிளே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

வைஃபையே வழி என்றால், ரவுட்டர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். இடத்தை மிச்சப்படுத்த ரவுட்டரை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைப்பது வழக்கமாகியிருக்கிறது. டிவியின் உள்ளே உள்ள உலோகத் தகடு அலையை மறித்துவிடுவதால் வீடு முழுவதுமே வலு குறையும். ரவுட்டரும் டிவியும் ஒரே அறையில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸையும், நடுவே இரண்டு மூன்று சுவர்கள் இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸையும் தேர்ந்தெடுங்கள். முன்னது வேகமானது, ஆனால் சுவரைத் துளைக்கும் வலு குறைந்தது.

2.4 கிகாஹெர்ட்ஸில் இருப்பவர்கள் டிவியின் முதுகுப்புறத்தை ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். அங்கே யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால், அதுவும் அதன் கேபிளும் கசியவிடும் மின்காந்த இரைச்சல் அதே அலைவரிசையில்தான் விழுகிறது. இன்டெல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை இதை அளந்து காட்டியுள்ளது. ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கியதும் படம் சீராகி, ப்ளூடூத் ரிமோட்டும் சட்டென்று பதில் சொல்லத் தொடங்கினால் காரணம் அதுதான். நல்ல உறையுள்ள கேபிளை மாற்றி, டிஸ்க்கைச் சற்றுத் தள்ளி வைத்தால் போதும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால், அது ஓடும் சில நிமிடங்கள் மட்டும் படம் தடுமாறலாம்.

நாள் முழுவதும் சீராக ஓடி, இரவு நேரத்தில் மட்டும் தேங்கினால், அதே நேரத்தில் ஒரு கணினியை ரவுட்டரில் கேபிளால் இணைத்து வேகத்தை அளந்து, எண்ணையும் மணியையும் குறித்து வையுங்கள். அங்கும் வேகம் சரிந்திருந்தால் நெரிசல் சேவை நிறுவனத்தின் பக்கம் இருக்கிறது. அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு புகார் செய்தால், ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற வழக்கமான பதிலைத் தாண்டிப் பேச முடியும்.

அறிகுறி: டிவியை இயக்கும் ஒவ்வொரு முறையும் இணைப்பு விட்டுப்போகிறது

விரைவுத் தொடக்கம் என்ற அமைப்பே பெரும்பாலும் காரணம். அது இயங்கும்போது டிவி பழைய இணைப்பு நிலையோடு உறங்கி, ரவுட்டர் மறந்துவிட்ட முகவரியோடு விழித்தெழுகிறது. அதை அணைத்துவிட்டால் டிவி திறக்கச் சில நொடிகள் கூடுதலாகும், இணைப்பு நிலைக்கும். கூடவே ரவுட்டரில் டிவியின் மேக் முகவரிக்கு ஒரு நிலையான ஐபியை ஒதுக்கிவிடுங்கள். டிவிக்குள் கையால் எண்களை நிரப்புவதைவிட இது பாதுகாப்பானது.

அறிகுறி: டிவியில் இணையம் உண்டு, கைபேசியிலிருந்து அனுப்பும் படம் மட்டும் வரவில்லை

இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். விருந்தினருக்கான வைஃபையில் ஒன்று மாட்டியிருந்தால், அல்லது கருவிகளை ஒன்றையொன்று காணவிடாமல் தடுக்கும் தனிமைப்படுத்தும் வசதி ரவுட்டரில் இயங்கினால், கைபேசியின் பட்டியலில் டிவி தோன்றாது. கைபேசியில் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலும் இதே விளைவுதான்.

எதற்கும் மசியாத நிலையில்

முதலில் டிவியின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். இணையமே இல்லாத டிவியையும் புதுப்பிக்கலாம்: தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணுக்கு உரிய கோப்பைக் கணினியில் இறக்கி, பென்டிரைவில் அவர்கள் சொன்ன ஃபோல்டர் பெயரிலேயே வைத்து, டிவியில் செருக வேண்டும். பென்டிரைவ் எந்த வடிவில் ஃபார்மேட் செய்யப்பட வேண்டும் என்பதும் அதே பக்கத்தில் இருக்கும். பல டிவிகள் ஃபேட்32 வடிவை எதிர்பார்க்கின்றன. மாடல் எண்ணில் ஓர் எழுத்து வேறுபட்டாலும் அந்தக் கோப்பைப் பயன்படுத்தாதீர்கள். புதுப்பிப்பு நடக்கும்போது மின்சாரம் தடைபடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நெட்வொர்க் அமைப்புகளை மட்டும் அழிக்கும் ரீசெட் இருந்தால் அதைச் செய்யுங்கள். ஃபேக்டரி ரீசெட் கடைசி வழி; செயலிகள், கடவுச்சொற்கள், படத்தின் நிற அமைப்புகள் அனைத்தும் போய்விடும் என்பதால், கைபேசி ஹாட்ஸ்பாட்டிலும் டிவி தோற்றது என்று உறுதியான பிறகே அதில் கைவையுங்கள். அதற்கும் மசியாமல், வைஃபை பலகையை மாற்றும் செலவு கூடுதலாக இருந்தாலோ, டிவிக்கான ஆதரவு முடிந்திருந்தாலோ, ஹெச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று போதும். திரை நன்றாக இருக்கும் டிவியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. அந்த ஸ்டிக்குக்கு டிவியின் யூஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் தராமல், அதனுடன் வந்த அடாப்டரைச் சுவரில் செருகுங்கள். டிவியின் பின்புறம் அலை சரியாக எட்டாவிட்டால், பெட்டியில் இருக்கும் குட்டை ஹெச்டிஎம்ஐ நீட்டிப்பைப் பொருத்தி, ஸ்டிக்கை டிவியின் விளிம்புக்கு வெளியே தெரியும்படி வையுங்கள்.